மீனை முதலில் விடுங்கள்

நீர்த்தேக்கத்தில் ரோந்துப் பணிக்கு வந்திருக்கும் உங்களில் பலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் புதியவர்களிடம் பேச என்னை அழைக்கிறார்கள், நானும் போகிறேன். அந்த வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் கதை உங்களுக்கு நினைவிருக்கும். நம்மிடம் வேலை பார்த்த ஒருவர், சீருடை போடாத நாட்களில் அதே ஏரிக்கரையில் உயிருள்ள இரையைப் போட்டுத் திருட்டுத்தனமாக மீன் பிடித்த கதை. அவரை எப்படிச் சந்தேகித்தேன், எப்படி மடக்கினேன், எப்படி வேலையை விட்டு அனுப்பவைத்தேன் என்று சொல்லி முடிக்கும்போது நீங்கள் கைதட்டியிருக்கிறீர்கள்.

அந்தக் கதை உண்மையல்ல. அது உண்மையல்ல என்று தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் அதைச் சொல்லிவந்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் யாரிடமாவது அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சந்தேகப்படுவது நம் வேலை. அதற்காக நான் வருந்தவில்லை. செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம் என்று பலகை வைத்திருக்கிறோம். ரப்பர் மீன், மர மீன், உலோகத் தகடு, எதை வேண்டுமானாலும் தூண்டிலில் மாட்டலாம். இறாலோ புழுவோ குட்டி மீனோ கூடாது. பலகையைப் படித்துவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து புழுவை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அதிகம் பேசாத மலாய்க்காரர். சேர்ந்த வாரத்தில் ஒரு நாள் என்னை அழைத்துக்கொண்டு கரையோரம் நடந்தார். ஒரு முதியவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிஸ்கட் டின். இவர் குனிந்து, "அங்கிள், பசிக்குது, ஒரு பிஸ்கட் தர்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். முதியவர், "முடிஞ்சுபோச்சு லா, தம்பி," என்றார். ஆனால் டின்னை நகர்த்தியபோது கையால் அதன் கனத்தை மறைக்க முடியவில்லை. உள்ளே ஈரத் துணியில் இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அபராதத்துக்கு எழுதிக்கொண்டு திரும்பும்போது, "முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். அதோடு, கேட்கும்போது அவனைத் திருடன் ஆக்காதே," என்றார்.

இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எல்லார் பக்கத்திலும் எனக்கு ஒரு டின் தெரிந்தது.

இனி, நம் ஏரியின் மீனைப் பற்றி. வாலில் மயில் கண்போல வட்டம் உள்ள அந்த மீனை எல்லாரும் பாஸ் என்றே சொல்கிறோம். அது இந்த ஊர் மீன் இல்லை, யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டது. பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சாப்பிடுவதில்லை. பிடிப்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்ப விடுவார்கள். அதன் குணம் விசித்திரமானது. ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல், தண்ணீர் குளிக்க வைத்த வெந்நீர் போலக் கிடக்கும்போது மற்ற மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும். பாஸ் மட்டும் நண்பகல் வெயிலில் மேலே வந்து வேட்டையாடும். அதனால் புத்தி உள்ளவர்கள் நிழல் தேடும் நேரத்தில் இந்த மனிதர்கள் மரமேடையில் வரிசையாக நின்று தூண்டில் வீசிக்கொண்டிருப்பார்கள்.

அப்படியொரு கோடையில்தான் மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. காலையில் மேடைக்கு அருகே, நாணல் ஓரமாக, வெள்ளை வயிறு மேலே தெரிய ஒன்று, சில நாள் இரண்டு மூன்று. படகுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் நாற்றம் என்று புகார் செய்தார்கள். அலுவலகம் என்னைக் கேட்டது. தண்ணீரைச் சோதித்தார்கள், தண்ணீரில் கோளாறு இல்லை. அப்படியானால் யாரோ எதையோ செய்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

என் தர்க்கம் இது. செயற்கை இரையை மீன் உதட்டால்தான் கவ்வும், முள் உதட்டில் ஏறும். உயிருள்ள இரையை விழுங்கிவிடும், முள் தொண்டைக்கும் கீழே போய்விடும். அதைப் பிடுங்கி எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டால் நீந்திப் போகும், ஆனால் இரவுக்குள் செத்துவிடும். எனவே செத்த மீன் இருந்தால் உயிர் இரை போடுகிறவன் இருக்கிறான். நான் விலங்கியல் படித்தவன், எங்கள் குழுவில் பட்டம் பெற்ற முதல் ஆள். இந்தத் தர்க்கத்தை மேலிடத்தில் விளக்கியபோது எல்லாரும் தலையசைத்தார்கள்.

இப்போதும் அதில் தவறு கண்டுபிடிப்பது கடினம். ஒன்றே ஒன்றுதான். செத்த மீனின் தொண்டையை ஒரு முறைகூட நான் திறந்து பார்க்கவில்லை. நாற்றமடிக்கிறது என்று பையில் அள்ளிப்போட்டேன். உயிரோடிருந்த மீன்களின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருள்தாஸ் அந்த ஆண்டுதான் எங்கள் குழுவுக்கு வந்தார். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர், ஆட்குறைப்பில் வேலை போனது. ஐம்பதை நெருங்கும் வயதில் ரோந்துப் பணிக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். ஆண்டு முடிவில் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா இல்லையா என்பது என் வார்த்தையைப் பொறுத்தது. அது அவருக்கும் தெரியும். வீடு சுவா சூ காங்கில், மகள் உயர்நிலைப் பள்ளியில். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போய்விட்டு, நண்பகலில் சொந்தத் தூண்டிலோடு எங்கள் ஏரிக்கே வருவார். விடுமுறை நாளில் வேலை செய்யும் இடத்துக்கே ஒருவன் ஏன் வர வேண்டும்? எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் அதுதான். அந்த ஏரி அவருக்குப் பிடித்திருந்தது என்ற பதில் என் மனத்தில் எழவேயில்லை.

அவர் மற்றவர்களைவிட அதிகம் பிடித்தார். பக்கத்தில் நிற்பவர்கள் வெறுங்கையோடு வியர்த்துக்கொண்டிருக்கும்போது இவர் கோல் வளையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஓர் இளைஞன் அவரைச் சீண்டியது காதில் விழுந்தது.

"அண்ணே, உங்க ரப்பர் மீனுக்கு மட்டும் என்ன மசாலா தடவுறீங்க?"

"தேக்கா மார்க்கெட்டுல வாங்குன மீன் மசாலாடா. உனக்கும் ஒரு பாக்கெட் வாங்கியாறேன், எதுக்கும் கொஞ்சம் உப்பு சேத்துக்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிப்போடு சிரிப்பாக உண்மையைச் சொல்லிவிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவர் ஒரு பெரிய பாஸைக் கரைக்கு இழுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அருள், நில்லு. மீனைக் கீழ வை."

"தண்ணியில வெச்சே பாருங்க சார். வெயில் கொளுத்துது லா."

"கீழ வைன்னு சொன்னேன்."

"முதல்ல மீனை விட்டுடறேன் சார். அப்புறம் என்னை எவ்ளோ நேரம் வேணும்னாலும் செக் பண்ணுங்க. நான் எங்க ஓடப்போறேன்?"

ஏன் இந்த மனிதனுக்கு மீனை விட இவ்வளவு அவசரம்? தண்ணீரில் ஓர் உதறு உதறினால் தொண்டையில் இருக்கும் இரை வெளியே போய்விடும், சாட்சி இருக்காது. அதற்காகத்தான் அவசரப்படுகிறார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மீனைச் சூடேறிய மேடைப் பலகைமேல் கிடத்தச் சொன்னேன். கைவிளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தேன், செவுளைத் தூக்கிப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன், பெட்டியைத் திறக்கச் சொன்னேன், பையைக் கவிழ்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு விடச் சொன்னேன். அது மெதுவாக நீந்திப் போனது.

மறுநாள் காலை நாணல் ஓரத்தில் ஒரு மீன் மிதந்தது.

அடுத்த ஞாயிறும் அதே சோதனை, திங்கட்கிழமை மறுபடியும் மிதந்தது. எனக்கு உறுதியாகிவிட்டது. அருள்தாஸ் வரும் நாளுக்கு மறுநாள்தான் மீன் சாகிறது. சந்தேகம் கூடக்கூட அவரை இன்னும் கவனமாக, இன்னும் நீண்ட நேரம் சோதித்தேன். மற்றவர்களை இரண்டு பார்வையில் விட்டுவிடுவேன். அவர் பிடிக்கும் ஒவ்வொரு மீனையும் பலகையில் கிடத்தவைத்தேன். சோதனை நீண்டபோது செத்த மீன்களும் கூடின. எனக்கு அது என் பக்கத்துக்குக் கிடைத்த சாட்சியாகத் தெரிந்தது.

சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதில் போராடிக் களைத்து வந்த மீனுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு நொடியும் கூடுதல் ஆபத்து. இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கேட்டிருந்தால் அன்றும் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சோதிக்கிறவன் தானும் அந்த இடத்தில் ஒரு காரணமாக நிற்கிறான் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

ஆண்டு முடிவில் மேலாளர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். மேலாளர் சீனப் பெண்மணி, பொறுமைசாலி. என் சந்தேகத்தை ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னேன். அருள்தாஸ் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார். உங்கள் பதில் என்ன என்று மேலாளர் கேட்டபோது, தான் வார நாட்களிலும் சில சமயம் தூண்டிலோடு வருவதாகவும், அன்று நான் பணியில் இருப்பதில்லை என்றும், அந்த நாட்களில் பிடித்துவிட்ட மீன் எதுவும் சாகவில்லை என்றும் சொன்னார்.

உண்மை அந்த மேசைமேல் வந்து விழுந்துவிட்டது. நான் அதை எடுத்து என் வசதிக்குத் திருப்பினேன்.

"நான் இல்லாத நாட்களில் எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள்," என்றேன்.

மேலாளர் தம்மை அறியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு முடிவாகிவிட்டது. நம்பிக்கைக்குரியவர் அல்ல என்ற காரணத்தோடு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அந்தக் காரணத்தால் நிறுவனத்தின் வேறு எந்த இடத்திலும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை.

சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, மடித்த சட்டையை மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"சார், ஒரு தடவையாவது என்கிட்டேர்ந்து எடுத்தீங்களா?"

"எதை?"

"லைவ் பெய்ட்டை. ஒரு புழு. ஒரு இறால் கால்."

"இல்ல."

"அப்புறம் எப்படி சார்?"

"அதுதான் உன் கெட்டிக்காரத்தனம்," என்றேன்.

எதுவும் கிடைக்காததையே குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட பிறகு, எந்த மனிதனாலும் என்னிடமிருந்து தப்பியிருக்க முடியாது. அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். அந்த மௌனத்தையும் நான் ஒப்புதல் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த கோடையும் வந்தது. அருள்தாஸ் இல்லை, ஏரிப்பக்கமே வருவதில்லை என்றார்கள். மீன்கள் மறுபடியும் மிதந்தன. நீங்கள் நினைப்பீர்கள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று. உறைக்கவில்லை. அவரிடம் கற்றுக்கொண்ட இன்னொருவன் இருக்கிறான் என்று நினைத்தேன். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சைக்கிளில் வரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் மீன்களைப் பலகையில் கிடத்தவைத்தேன்.

அந்தச் சமயம் எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. சில வாரங்கள் விடுப்பு. எனக்குப் பதிலாக வந்தவர் நிழலை விட்டு நகராத ஆள். யாரையும் சோதிக்கமாட்டார், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பி வந்து, "எத்தனை மீன் செத்தது?" என்றேன்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"நல்லா பார்த்தியா?"

"பார்க்க என்னண்ணே இருக்கு? செத்தா நாறும். நாறல."

அவர்மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. வேலையில் கெட்ட பெயர் வரக்கூடாது என்று செத்த மீன்களை விடியற்காலையிலேயே அள்ளி மறைத்திருப்பார் என்று நினைத்தேன். துப்புரவு செய்யும் பெண்மணியைத் தனியாக அழைத்து விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சும்மா இருக்கற மனுசன் மீன் அள்ளுவானா சார்?" என்றார்.

அன்று நண்பகல் நானே மேடைக்குப் போனேன். ஆசிரியர் ஒரு பாஸ் பிடித்தார். உடம்பின் கறுப்புப் பட்டைகளில் நடுப்பட்டை உடைந்து, இரண்டு துண்டாக இருந்தது. அப்படி ஒரு மீனை நான் பார்த்ததில்லை, அதனால் நினைவில் நின்றது. வழக்கம்போலக் கிடத்தவைத்து, வழக்கம்போலப் பார்த்தேன். தொண்டை சுத்தம். முள் உதட்டில். பெட்டியில் ரப்பர் மீன்கள்தான். நேரம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விடச் சொன்னேன்.

காலையில் நாணல் ஓரத்தில் அந்த மீன் மிதந்தது. நடுப்பட்டை உடைந்த மீன்.

குனிந்து எடுத்தேன். முதல் முறையாக ஒரு செத்த மீனின் வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. முந்தின நாள் அந்த மீன் வெளியே கிடந்த நேரம் முழுவதும் என் கைவிளக்கின் கீழ்தான் கிடந்தது. அதை யார் கொன்றார்கள் என்று கேட்க அங்கே வேறு யாரும் இல்லை.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது எளிது. அலுவலகத்துக்குப் போய், அருள்தாஸ் சொன்னது சரி, நான் சொன்னது தவறு, அவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு புதிய நடைமுறையைக் கொண்டுவந்தேன். நீங்கள் இன்று பின்பற்றுவது அதுதான். மீனைத் தண்ணீரில் வைத்தே பார்க்க வேண்டும், உடனே விட வேண்டும், பிறகு ஆளையும் பெட்டியையும் சோதிக்க வேண்டும். இது அருள்தாஸ் மேடையில் என்னிடம் கெஞ்சிக் கேட்டதே தவிர வேறில்லை. என் யோசனை என்று சொன்னேன். மீன் சாவது நின்றது. என்னைப் பாராட்டினார்கள். ஏன் இந்த யோசனை வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதைவிட மோசமானது கதை. அதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது நன்றாக எடுபட்டது. உங்கள் முகங்கள் அந்த இடத்தில்தான் நிமிரும். சில வகுப்புகள் கடந்த பிறகு, அவருடைய தொப்பிக்குள் இறால் டப்பா ஒன்று இருந்ததாகவும் சேர்த்துக்கொண்டேன். அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கதைக்கு ஒரு பிடிபடும் இடம் தேவைப்பட்டது, வைத்துவிட்டேன். அவர் பெயரைச் சொன்னதில்லை. அது என் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

கடைசியாக நடந்த வகுப்பில் உங்களில் சிலர் இருந்தீர்கள். பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த பெண் ஒருவர் பின்வரிசையில் கை தூக்கியது நினைவிருக்கலாம்.

"சார், ஒரு கொஸ்டின். அவர் பிடிச்ச ஃபிஷ்ஷை நீங்க எவ்ளோ நேரம் வெளியில வெச்சிருந்தீங்க?"

அறையில் யாருக்கும் அந்தக் கேள்வியின் கனம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "தேவையான நேரம்," என்றேன்.

"ஓகே சார்," என்று உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து வந்தபோது மின்தூக்கி அருகே நின்றுகொண்டிருந்தார். இந்தப் பெண்ணை அனுப்பியது யார், எதற்காக என்றுதான் அப்போதும் என் புத்தி போனது.

"யாரும்மா உன்னை இப்படிக் கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நீங்க கதையில சொன்ன ஆளு என் டாடி."

"அப்பாதான் உன்னை இங்க அனுப்பினாரா?"

"டாடிக்கு நான் இங்க வந்ததே பிடிக்கல. எனக்கு லேக்ஸ் பிடிக்கும், சோ வந்தேன். அவரு வேலை போச்சுன்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். எதுக்குன்னு இன்னைக்குத்தான் கேட்டேன். முப்பது பேரோட உக்காந்து." குரல் உயரவேயில்லை. "டாடி தொப்பியே போடமாட்டாரு சார். அவருக்குத் தலை அரிக்கும்."

மின்தூக்கி வந்தது. அவர் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. அது போய்விட்டது. உங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும் நேரத்தில், தேக்கா உணவங்காடி நிலையத்தில் சந்தித்தோம். கூட்டத்தில் அருள்தாஸ் ஓரத்து மேசை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். முடி நரைத்திருந்தது. கூட்டுரிமை அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் காவலராக இருக்கிறார் என்று மகள் சொல்லியிருந்தார். அவர் கைப்பேசி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பதிவு செய்கிறாரோ என்று எண்ணினேன். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீங்க என்ன குடிக்கிறீங்க?" என்றேன்.

"என்ன சார், புதுசா நீங்க நாங்கன்னு? அப்பல்லாம் நீதானே." அவரே போய் இரண்டு தே தாரிக் வாங்கிவந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, கைவிளக்கு, நடுப்பட்டை உடைந்த மீன், புதிய நடைமுறை, தொப்பி. அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு முறைதான் நிறுத்தினார். தொப்பிக்குள் டப்பாவா என்று கேட்டு, தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். நான் செய்யலைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அடுத்த வருஷமே."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவ்வளவு வருஷமும் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"தப்பா நினைச்சது வேற சார். உங்க வேலை அது, நானும் அந்தச் சட்டையைப் போட்டவன்தான். ஆனா இது வேற."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எம்பொண்ணு ஜெசிந்தா அங்க பெர்மனென்ட் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கா. கிடைச்சிடும்னு சொல்றாங்க. உங்க கிளாஸ்ல அவ கேட்ட கேள்வி இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, யாரு மகள்னும் தெரிஞ்சுபோச்சு. கேன்டீன்ல பசங்க, தொப்பியைக் கழட்டிக் காட்டுன்னு கேட்டாங்களாம். ஜோக்காத்தான் லா. அவளும் கழட்டிக் காட்டுனாளாம்." தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். "எனக்கு இனிமே அந்த வேலை வேணாம். ஆனா அவ அங்கதான் இருக்கப்போறா. இருபது வருஷம், முப்பது வருஷம். எல்லா நாளும் ஒருத்தன் தொப்பியைக் கேப்பான்."

நான் மேலாளரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் என்றேன்.

"மேலாளர்கிட்ட சொன்னா ஃபைல்ல மாறும். கேன்டீன்ல மாறாது. நீங்க யாருகிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்டயே சொல்லுங்க."

மறுவாரம் மேலாளரிடமும் போனேன். இப்போது இருப்பவர் வேறு ஒருவர், வயதில் சிறியவர். கேட்டுவிட்டு, ஒப்பந்தம் முடிந்து இத்தனை காலம் ஆகிவிட்டது, நிறுவனமும் கைமாறிவிட்டது, இதில் செய்வதற்கு அதிகமில்லை என்றார். என்னை இனி வகுப்புக்கு அழைக்கமாட்டார்கள் என்பதை மட்டும் மென்மையாகச் சொன்னார். சரிதான் என்றேன்.

ஜெசிந்தாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் உங்களோடு சேர்கிறார். ஏப்ரல் வெயில் வரும்போது மேடையில் உங்களில் ஒருவரோடு அவரும் நிற்பார். தூண்டில்காரர்களைச் சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் சம்பளம். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், கைகளைப் பாருங்கள். ஆனால் உங்கள் சந்தேகத்துக்காக இன்னொரு உயிர் பலகையில் கிடந்து காத்திருக்கும்படி செய்யாதீர்கள். சந்தேகம் பொய்த்துப்போனால், அதை எத்தனை பேரிடம் சொன்னீர்களோ அத்தனை பேரிடமும் அன்றே திரும்பப் போங்கள். பிறகு போகலாம் என்று வைத்தால் அதற்குள் ஒரு தொப்பி முளைத்துவிடும்.

தேக்காவில் எழுந்து கிளம்பும்போது, எழுதித்தான் சொல்லப்போகிறேன், அவரைப் பற்றி என்ன எழுதலாம் என்று அருள்தாஸிடம் கேட்டேன். நேர்மையானவர், பொறுமையானவர் என்றெல்லாம் எழுத நினைத்திருந்தேன். அவர் கை நீட்டித் தடுத்தார்.

"அய்யய்யோ, நல்லவன் வல்லவன்னு எழுதிடாதீங்க சார். அப்புறம் நான் உங்க எழுத்துக்காக நல்லவனா இருந்து தொலைக்கணும். பெருசு பண்ணாம, லைவ் பெய்ட் போடலைன்னு மட்டும் எழுதுங்க. போதும்."

அருள்தாஸ் லைவ் பெய்ட் போடவில்லை.